தலைமாட்டில் நிற்பவர்கள்: வடசென்னை ஆபரேஷன் தியேட்டர் அனுபவப் பகிர்வு

காசிமேடு செவிலி

மனசை விட்டுப் போகாத ஒரு ஃபைல். பி.எஸ்சி. நர்சிங் முடித்து நாலு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த பெண்ணுடையது. "நேரா அமெரிக்கா போய் மயக்க மருந்து கொடுக்குற நர்ஸ் ஆகிடலாம்" என்று ஒரு ஏஜென்ட் முன்பணம் வாங்கியிருந்தார். புரட்டப் புரட்ட தியேட்டர் சர்டிஃபிகேட்தான். ஐ.சி.யூ. ஒரு மாசம்கூட இல்லை. கடைசித் தாளைத் திருப்பியதும் அந்தப் பெண் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டார், பேச்சே வரவில்லை.

அங்கே வழி வேறு. முதலில் என்கிளெக்ஸ் என்ற நர்சிங் லைசென்ஸ் தேர்வு எழுதி ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) லைசென்ஸ் வாங்கணும். அப்புறம் குறைந்தது ஒரு வருஷம் முழுநேர ஐ.சி.யூ. வேலை. அதற்குப் பிறகுதான் மயக்கவியல் படிப்பு. 2022 ஜனவரியிலிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது டாக்டரேட், மூணு வருஷம் பிடிக்கும். படிக்கும்போதே 600 கேஸ், 2,000 மணி நேரம் முடித்தாகணும். கடைசியில் தேசியத் தேர்வு. அதில் தேறினால்தான் சி.ஆர்.என்.ஏ., அதாவது மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ்.

நம்ம ஊரில் அப்படி ஒரு பதவி கிடையாது. மயக்கம் கொடுப்பவர் மயக்கவியலில் எம்.டி., டி.ஏ., டி.என்.பி. என ஏதாவது ஒரு மேற்படிப்பு முடித்த டாக்டர். பக்கத்தில் நிற்பவர் அனஸ்தீசியா டெக்னீஷியன்.

தண்டையார்பேட்டை டெக்னீஷியன்

படிப்பு இருக்கட்டும், சிலிண்டரைச் சொல்றேன். ஒரு நர்சிங் ஹோம்ல குடல்வால் ஆபரேஷன் நடுவுல பைப்லைன் ஆக்சிஜன் நின்னுபோச்சு. அலாரம் கத்துது. மயக்க மருந்து மெஷின் பின்னாடி மாட்டியிருந்த சிலிண்டரோட அழுத்தம் காட்டுற முள் பூஜ்யத்துல படுத்திருக்கு. காலையில பார்த்தப்ப அதே முள் 2,000 பி.எஸ்.ஐ. காட்டுச்சு!

நடந்தது இதுதான். காலையில செக் பண்ணவங்க வால்வை மூடாம விட்டுட்டாங்க. பைப்லைன் அழுத்தம் சிலிண்டர் ரெகுலேட்டரை விடக் கொஞ்சம் கூடுதலா இருக்கிற வரைக்கும் மெஷின் பைப்லைன்ல இருந்துதான் இழுக்கும். பைப்லைன் லேசா இறங்குற ஒவ்வொரு தடவையும் சத்தமில்லாம சிலிண்டர்ல இருந்து எடுத்துக்கும். மத்தியானத்துக்குள்ள காலி. அன்னைக்குக் கைகொடுத்தது மெஷின் பக்கத்துல தொங்கின, கையால அமுக்கி மூச்சு கொடுக்குற ஆம்பு பேக்தான். அறைக் காத்தை வச்சே மூச்சு கொடுத்துட்டு இருந்தாங்க, வார்டுல இருந்து வேற சிலிண்டர் வர்ற வரைக்கும்.

திறந்து பாருங்க, முள்ளைப் படிங்க, மூடுங்க. மெஷின்ல மாட்டுற 'ஈ' டைப் ஆக்சிஜன் சிலிண்டர் நிறைஞ்சா சுமாரா 660 லிட்டர். நிமிஷத்துக்கு 8 லிட்டர் போனா 80 நிமிஷம். முள் பாதியில நின்னா 40 நிமிஷம்தான். மயக்கத்துக்குக் கொடுக்குற நைட்ரஸ் ஆக்சைடு வாயுவுக்கு இந்தக் கணக்கு எடுபடாது. உள்ளே திரவம் இருக்கிற வரைக்கும் முள் 750-லயே நிக்கும், அப்புறம் மடமடன்னு இறங்கிடும். எடை போட்டாத்தான் எவ்வளவு மிச்சம்னு தெரியும்.

ராயபுரம் ஓ.டி. இன்சார்ஜ்

தண்டையார்பேட்டை தம்பி, மூடி வைங்கன்னு சொல்றது பாதி யோசனைதான். மூடின சிலிண்டரைத் திறக்கச் சாவி வேணும். அந்தச் சாவி எந்த டிராயர்ல கிடக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? சங்கிலி போட்டு மெஷின்லயே கட்டணும். கட்டாத தியேட்டர்ல மூடி வச்சாலும் ஒண்ணுதான், காலியா இருந்தாலும் ஒண்ணுதான்.

என் கண்ணுல நிக்கிறது ஒரு சிசேரியன் டிரே. இடுப்புக்குக் கீழ மரத்துப் போக முதுகுல போடுற (ஸ்பைனல்) ஹெவி பியூபிவகெய்ன் 4 மில்லி ஆம்பூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி), பக்கத்துலயே ரத்தப்போக்கை நிறுத்துற டிரானெக்சாமிக் ஆசிட் 5 மில்லி ஆம்பூல். ரெண்டும் நிறமில்லாத திரவம், எழுத்து பொடிப்பொடியா. உடைக்கப் போற நேரத்துல டெக்னீஷியன் பொண்ணு பேரைச் சத்தமா படிச்சதால நின்னுச்சு. டிரானெக்சாமிக் முதுகுத்தண்டுக்குள்ள போயிருந்தா மரத்துப் போறதுக்குப் பதிலா முதுகும் தொடையும் எரியும், கால் வெட்டி வெட்டி இழுக்கும், வலிப்பு வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். உயிர் போன கேஸ்கள் பல நாடுகள்ல பதிவாகியிருக்கு.

அதனால கேட்டாலும் கேட்காட்டியும் சொல்றேன். டிரானெக்சாமிக்கை ஸ்பைனல் டிராலி பக்கமே கொண்டுவராதீங்க, வேற அலமாரியில வைங்க. ஸ்பைனல் மருந்தை ஒருத்தர் படிக்கணும், இன்னொருத்தர் ஆம்பூலைக் கண்ணால பார்க்கணும், அப்புறம்தான் உடைக்கணும். உடைச்ச ஆம்பூலைக் கேஸ் முடியுற வரைக்கும் குப்பையில போடக் கூடாது. சிரிஞ்ச்ல ஏத்தின உடனே லேபிள் ஒட்டணும், "அப்புறம் ஒட்டிக்கலாம்"ங்கிற பேச்சே வேண்டாம். பி.பி.யை ஏத்துற மெஃபென்டெர்மின் 30 மில்லிகிராமை 5 மில்லியாக்கினா மில்லிக்கு 6 மில்லிகிராம், 10 மில்லியாக்கினா மில்லிக்கு 3. எதுன்னு லேபிள்ல எழுதாம வச்சா, பி.பி. விழுற நேரத்துல ரெண்டு மடங்கு போகும், இல்லேன்னா பாதிதான் போகும். டியூப் போடுறதுக்குத் தசையைத் தளர்த்துற சக்சினைல்கோலின் வயலை (மருந்துக் குப்பியை) 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள ஃப்ரிட்ஜ்லதான் வைக்கணும். வெளியே எடுத்த தேதியை வயல் மேலயே எழுதுங்க.

வியாசர்பாடி ஸ்டாஃப்

"வெறும் வயித்துலதான் இருக்காரு சிஸ்டர்." ஆளை டேபிள்ல ஏத்தின பிறகு, "காலையில ஒரு டீ மட்டும்தான், பன்னு கூடத் தொடலை."

நம்ம ஜனங்களுக்கு டீ சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. பால் கலந்த டீ என்றால் 6 மணி நேரம் காத்திருக்கணும். வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் போதும், தாய்ப்பாலுக்கு 4. அன்று அவசரம் என்பதால் நிறுத்தவில்லை. மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது, வாயில் இருப்பதை உறிஞ்சும் சக்‌ஷன் குழாயில் பழுப்பாக ஏறியது அந்த டீதான். "சாப்பிட்டீங்களா" என்று கேட்காதீர்கள். "காலையில எழுந்ததிலிருந்து வாயில என்னென்ன போச்சு?" என்று கேளுங்கள்.

பெரம்பூர் ஐ.சி.யூ.

காசிமேடு சிஸ்டருக்கு. ஒரு வருஷம் ஐ.சி.யூ. என்று எண்ணிக்கையை மட்டும் சொன்னால் அந்தப் பெண் மறுபடி ஏமாறுவார். எந்த ஐ.சி.யூ. என்பதுதான் கேள்வி. வென்டிலேட்டர், ஆர்டீரியல் லைன் (தமனிக்குள் போடும் குழாய்), பி.பி.யைத் தாங்கும் நார்அட்ரினலின் மருந்து ஓடும் நோயாளியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, இவையெல்லாம் இருக்கணும். ஐ.சி.யூ.வுக்கும் சாதா வார்டுக்கும் நடுவிலான ஸ்டெப்-டவுன் வார்டைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை, ரெகவரி ரூமும் அப்படித்தான்.

இன்னொன்றும் தெளிவாகச் சொல்லணும். பி.எஸ்சி. அனஸ்தீசியா டெக்னாலஜி நல்ல படிப்பு, துணை மருத்துவத் துறையினருக்கான 2021 மத்தியச் சட்டத்தில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் அது நர்சிங் கிடையாது. அதை வைத்து அமெரிக்காவில் ஆர்.என். தேர்வே எழுத முடியாது. இரண்டையும் ஒன்று என்று சொல்லும் ஏஜென்டிடம் எந்த மாநிலத்து நர்சிங் போர்டு, எந்தக் கல்லூரி என்று எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.