பொருள்: மீள்: மீள்: ஒட்சிசன் இன்றி மூளை பழுதாவதற்கு ஒரு சொல்

கிளிநொச்சி, மொழிபெயர்ப்பு:
இரணைமடுக் குளத்தை அண்டிய ஊர்களுக்கான முதலுதவிப் பிரசுரம் வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது. ‘மூளைக் காயம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வவுனியா, தாதியப் பயிற்சி:
வேண்டாம். காயம் என்றால் சனம் தலையில் தையலைத் தேடும்; இங்கே ஒரு கீறலும் இராது. உடல் எடையில் 2 வீதமான மூளை, உடல் செலவழிக்கும் ஒட்சிசனில் 20 வீதத்தை எடுக்கிறது. குருதியோட்டம் நின்றால் 10–15 செக்கனில் நினைவு தப்பும். நாலைந்து நிமிடத்தில் கலங்கள் சாகத் தொடங்கும். ஞாபகத்தைப் பதிக்கும் இடம் முதலில் அடிபடும். ஆள் தப்பி வந்து நன்றாகக் கதைப்பார், காலையில் என்ன சாப்பிட்டார் என்றால் தெரியாது.

முல்லைத்தீவு, தமிழாசிரியர்:
‘வளிக்குறை’ போதுமே. ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்ற குறளில் வளியும் உண்டு, குறையும் உண்டு. ஒட்சிசன் பிழைப் பெயர். அமிலத்தை ஆக்குவது என்று நினைத்து பிரெஞ்சு இரசாயனவியலாளர் இலவோசியே வைத்தது. ஐதரோக்குளோரிக்கமிலத்தில் ஒட்சிசனே இல்லை.

மாங்குளம், சித்த மருத்துவம்:
சேர், அந்தக் குறளில் வளி என்பது வாதம். உங்கள் சொல்லைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் தைலம் காய்ச்ச வெளிக்கிடுவார்கள்.

வவுனியா, மருத்துவர்:
‘மூச்சடைப்பு’ என்றும் போடாதீர்கள். பூட்டிய அறையில் ஜெனரேற்றர் ஓடினால் மூச்சும் ஓடும், காற்றில் ஒட்சிசனும் இருக்கும். புகையில் வரும் காபனோரொட்சைட்டு, குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினைப் பிடித்துவைப்பதால் மூளைக்குத்தான் போய்ச் சேராது. ‘மூளைச்சாவு’ அறவே வேண்டாம், அது வேறு விசயம்.

முல்லைத்தீவு:
அப்படியானால் ‘மூளை ஊறு’. பாதிப்பு வடசொல்.

வவுனியா, தாதியப் பயிற்சி:
தண்ணிக்குள் கிடந்து எடுத்தவருக்கு ‘ஊறு’ என்று எழுதினால் வேறு விளக்கமே வேண்டாம்! சொல்லை விடுங்கள், 3ஆம் பக்கப் படத்தைப் பாருங்கள்: வயிற்றை அமுக்கித் தண்ணி எடுக்கிறார்கள். வாந்தி நுரையீரலுக்குள் போகும், இருக்கிற நிமிடமும் போகும். மூச்சில்லையென்றால் முதலில் 5 தரம் ஊதவேண்டும். பிறகு நெஞ்சை 30 தரம் அமுக்கி, 2 தரம் ஊதவேண்டும். வளர்ந்தவருக்கு அமுக்கும் ஆழம் 5–6 சென்ரிமீற்றர்.

கிளிநொச்சி:
படத்தை மாற்றியாயிற்று. ‘ஒட்சிசன் குறை மூளைப் பாதிப்பு’. நாலு பேர் சம்மதம்.

முல்லைத்தீவு:
பொன்+குடம் பொற்குடமானால் இது ‘ஒட்சிசற்குறை’. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும்.