ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்னு மட்டும் கேட்டு மாடு வாங்கினேன். உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பெருந்துறை பக்கம் விவசாயி:

2019-ல கருங்கல்பாளையம் சந்தையில ஒரு எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடு பிடிச்சோம். நாலு பல், தலைச்சன் ஈத்து, கன்னு போட்டு இருபது நாள். கண் முன்னாடியே கறந்து காட்டினாங்க, காலை வேளைக்கு மட்டும் 11 லிட்டர். கொட்டாய்ல ஏற்கெனவே எங்கம்மா வளர்த்த ஜெர்சி கலப்பு ஒண்ணு நின்னுச்சு, ஆறாவது ஈத்து. அது நல்லாக் கறக்கற காலத்துலயே ரெண்டு வேளையும் சேர்த்து 12 தான். அதை வித்துட்டு இன்னொரு எச்.எஃப் பிடிக்கலாம்னு சொன்னேன். அம்மா விடலைங்க.

புது மாடு ரெண்டு மாசம் 20 லிட்டர் குறையாம கறந்துச்சு. அதே ரெண்டு மாசத்துல இடுப்பெலும்பு துருத்திட்டு வந்துச்சு, வால் அடியில ரெண்டு பக்கமும் குழி விழுந்துச்சு. நாலு மாசம் ஆகியும் பருவத்துக்கு வரலை. டாக்டர் உக்கார வெச்சு விளக்கினார். கன்னு போட்ட மாட்டுக்குப் பால் ஒன்றரை மாசத்துல உச்சத்துக்குப் போயிருமாம். தீனி எடுக்கறது அந்த அளவுக்கு வர பத்து, பன்னெண்டு வாரம் ஆகும். நடுவுல இருக்கற பள்ளத்தை உடம்புக் கொழுப்பைக் கரைச்சுத்தான் மாடு நிரப்புது. உடம்பு இறங்கிட்டே இருக்கற வரைக்கும் சினைப்பை ஒழுங்கா வேலை செய்யாது. கறவை கூடக்கூட அந்தப் பள்ளமும் ஆழம். அஞ்சாவது சினை ஊசிக்குத்தான் சினை நின்னுச்சு. ஈத்துக்கு ஈத்து 20 மாசம் ஆயிருச்சு.

அப்புறம் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். எச்.எஃப் 610 நாள் இடைவெளியில 400 நாள் கறந்து 4,400 லிட்டர். ஜெர்சி 395 நாள் இடைவெளியில 310 நாள் கறந்து 2,790 லிட்டர். வத்தின நாளையும் சேர்த்து வகுத்தா எச்.எஃப் நாளைக்கு 7.2, ஜெர்சி 7.1. சொசைட்டியில கொழுப்பு எச்.எஃப்புக்கு 3.5, ஜெர்சிக்கு 4.8. பிண்ணாக்கு, தவிடு செலவு ஜெர்சிக்கு எச்.எஃப் செலவுல முக்கால் பங்குகூட இல்லை.

எச்.எஃப் மூணாவது ஈத்துல மடிநோய் வந்து ரெண்டு காம்பு போயி, வித்தாச்சு. அம்மாவோட ஜெர்சி ஒன்பது ஈத்து ஈன்னுச்சு.

உங்க வீட்டு மாடு எத்தனை ஈத்து நின்னுச்சு, ஈத்துக்கு ஈத்து எத்தனை மாசம்னு எழுதுங்க.

ஒரத்தநாடு பக்கத்திலிருந்து:

நான் ரெண்டு ஜெர்சி கலப்பு வச்சிருக்கேன் தம்பி. பெரியதுக்கு ஏழு ஈத்து, இடைவெளி 13 மாசத்தைத் தாண்டினது ஒரே ஒரு தடவைதான். அந்தத் தடவை மாட்டுமேல தப்பில்லை. சித்திரை, வைகாசி வெயில்ல மாடு கத்தாது, அடுத்த மாட்டு மேல தாவாது. ஊமைப் பருவம். மகள் கல்யாண வாரத்துல நான் கவனிக்காம விட்டுட்டேன். ஒரு பருவம் தவறினா 21 நாள் போச்சு. அடுத்ததும் அதே மாதிரி தெரியாமலே போச்சு. ஒன்றரை மாசம் வீண்.

இப்ப ராத்திரி பத்து மணிக்கு, மாடு படுத்து அசை போடுற நேரத்துல டார்ச் அடிச்சுப் பின்பக்கம் பார்ப்பேன். படுக்கையில வயிறு அமுங்கும்போது வழும்பு தரையில வழிஞ்சு கிடக்கும். கண்ணாடி மாதிரி, அறுந்து போகாம கயிறா தொங்கினா நல்ல பருவம். கலங்கி வெள்ளையா இருந்தா ஊசி போட விடமாட்டேன், முதல்ல வைத்தியம். சுவத்துல மாட்டியிருக்கிற காலண்டர்ல தேதியை வட்டம் போட்டு வச்சு, அதுலேர்ந்து 18-ம் நாள் மறுபடி பார்க்க ஆரம்பிச்சுடுவேன்.

திருவண்ணாமலை பக்கம், சினை ஊசி போடுபவர்:

16 வருஷமா இந்த வேலை. ஒரத்தநாடு அக்கா மாதிரி பார்க்கிறவங்க வீட்டுல எனக்கு ரெண்டாவது ஊசிக்கு வேலையே இருக்காது. காலையில பருவம் தெரிஞ்சா சாயங்காலம் போடணும், சாயங்காலம் தெரிஞ்சா மறுநாள் காலையில. பலர் நேத்து முழுக்கக் கத்துன மாட்டுக்கு இன்னைக்கு மதியம் போன் பண்றாங்க. நேரம் கடந்துட்டா எந்தக் காளை விந்து போட்டும் பயனில்லை.

இன்னொரு விஷயம் ரத்த அளவு, அதாவது மாட்டுல வெளிநாட்டு இனம் எத்தனை சதவீதம்ங்கறது. ஒரு வீட்டுல நாட்டு மாட்டுக்கு எச்.எஃப் போட்டாங்க, அருமையான கிடேரி. அதுக்கும் எச்.எஃப், அதோட மகளுக்கும் எச்.எஃப். மூணாவது தலைமுறையில 87.5 சதவீதம் ஆயிடுச்சு. பங்குனி மதியத்துல அந்த மாடு வாயைத் திறந்து, எச்சில் ஒழுக மூச்சு வாங்கிட்டு நின்னதைப் பார்த்தேன். நாலு தடவை போட்டும் நிக்கலை. கருப்பிடிச்சாலும் உடம்புச் சூட்டுல முதல் சில நாள்லயே கரைஞ்சு போயிடும், மறுபடி 21 நாள்ல கத்தும். வீட்டுக்காரர் ஊசி சரியில்லைன்னு நினைக்கிறார். சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு எச்.எஃப்னு நம்ம மாநிலத்துல வகுத்ததுக்குக் காரணம் இந்த வெயில்தான். 'அதிகம் கறக்கிற காளையாப் போடுங்க'ன்னு கேட்காதவங்க இல்லை. தாய் மாடு எத்தனை ஈத்து நின்னுதுன்னு இதுவரைக்கும் ரெண்டு மூணு பேர்தான் என்கிட்ட சொல்லியிருக்காங்க.

கோத்தகிரி:

இங்க எச்.எஃப் கலப்பு நல்லாத்தான் நிக்குது. அஞ்சு ஈத்து பார்த்தாச்சு, இடைவெளி 13, 14 மாசம். நான் இழந்த மாடுகள் குளம்பால போனவை. ஈரச் சிமென்ட் தரை. ரப்பர் பாய் போட்டப்புறம் நொண்டல் குறைஞ்சிருக்கு.

திருப்பூர் பக்கம், கிர் வளர்ப்பவர்:

கிர் (குஜராத் நாட்டு இனம்) மாட்டுக்கு ஆயுள் பிரச்சனையே இல்லீங்க, வெயிலும் ஒண்ணும் செய்யலை. ஆனா கிடேரி முதல் ஈத்து ஈன நாலு வயசு ஆயிருச்சு. ஜெர்சி கலப்பு அதுக்குள்ள ரெண்டாவது கன்னு போட்டிருக்கும். கன்னு ஊட்டாம பால் விடாது. ஒரு கன்னு செத்துப் போச்சு, அதோட அந்த ஈத்தே போச்சு. காலைக் கட்டி, தடவிக் குடுத்து, தீனி காட்டி எல்லாம் பார்த்தோம், மடியில பால் இருந்தும் இறக்கலை. வாங்கறவங்க இதையும் தெரிஞ்சுட்டு வாங்குங்க.

நியூசிலாந்து வைகாட்டோவிலிருந்து, சொந்த ஊர் நாமக்கல்:

இங்க பால் பண்ணையில மாடு கறக்கிற வேலை. மாடுகளுக்குப் புல்தான் தீனி, அதனால வசந்தத்துல புல் தழைக்கிறதுக்கு ஒட்டி எல்லா மாடும் கன்னு போட்டாகணும். இனச்சேர்க்கைக்குப் பத்து, பன்னெண்டு வாரம்தான். அதுக்குள்ள சினை நிக்காத மாடு எவ்வளவு கறந்தாலும் லாரி ஏறணும். வந்த முதல் வருஷம், கொட்டகையிலேயே அதிகம் கறந்த மாடு ஒண்ணு அப்படிப் போனது. தினமும் கையால தொட்டுக் கறந்த மாடு. அன்னைக்கு மனசு சரியில்லை.

பருவம் பார்க்க வாலடி முதுகுல பட்டையா பெயின்ட் அடிப்போம். பருவத்துல இருக்கிற மாட்டு மேல வேற மாடு ஏறினா பெயின்ட் உரசிப் போயிருக்கும், கறக்க வரும்போதே தெரிஞ்சிடும்.

இந்த நாட்டுக் கறவைகள்ல பெரும்பங்கு ஃப்ரீசியனும் ஜெர்சியும் கலந்த கலப்புதான். வருஷத்துக்குச் சராசரி 4,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல. அமெரிக்க ஹோல்ஸ்டீன் சராசரி 10,000 கிலோவைத் தாண்டும், ஆனா மூணு ஈத்து முடியறதுக்குள்ளயே பெரும்பாலும் பண்ணையை விட்டுப் போயிடுது. பல வருஷம் பாலை மட்டும் பார்த்துக் காளை தேர்ந்தெடுத்ததுல சினை பிடிக்கிற திறன் இறங்கிடுச்சு. அப்புறம்தான் அங்க காளை மதிப்பீட்டுல 1994-ல ஆயுளையும், 2003-ல மகள்கள் சினை பிடிக்கிற திறனையும் சேர்த்தாங்க. நார்வேக்காரங்க அந்த வேலையை 1970-கள்லயே ஆரம்பிச்சுட்டாங்க.

பெருந்துறை பக்கம் விவசாயி:

எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா சொன்ன மாதிரி ராத்திரி பத்து மணிக்கு டார்ச் எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சிருக்கேன்.

அம்மாவோட ஜெர்சிக்குப் பேத்தி ஒண்ணு இப்ப கொட்டாய்ல இருக்கு. ரெண்டாவது ஈத்து, நாளைக்கு 11 லிட்டர். கன்னு போட்டு 75-ம் நாள் ஊசி போட்டோம். நேத்து டாக்டர் கைவிட்டுப் பார்த்து ரெண்டு மாசச் சினைன்னு சொன்னார். முதல் ஊசியிலயே நின்னிருக்கு. அதோட முதல் கன்னும் கிடேரிதான், இன்னும் கொஞ்ச நாள்ல பருவத்துக்கு வந்துரும். அதுக்கு மறுபடி முழு ஜெர்சியே போடறதா, கலப்பு ஜெர்சிக் காளை போடறதான்னு யோசனையா இருக்குங்க. பரம்பரையா எவ்வளவு ரத்தம் ஏறியிருக்குன்னு பழைய சினை ஊசி அட்டையில எழுதலை. திருவண்ணாமலை அண்ணா, இந்த மாதிரி வீடுகள்ல நீங்க எதை வெச்சு முடிவு பண்றீங்க?