கஜா ராத்திரியும் பன்னிரண்டு எல்.இ.டி.யும்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது நாங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். தெருவில் சாய்ந்து கிடந்த கம்பங்களைப் பார்த்ததுமே கரண்ட் இப்போதைக்கு வராது என்று புரிந்துவிட்டது. கடையில் மெழுகுவர்த்தி தீர்ந்துபோனது. வீட்டில் இருந்தவை பேட்டரி உப்பிப்போன எமர்ஜென்சி லைட், ஒரு பழைய ரேடியோ, அப்புறம் என் பைக்.

லைட்டிலிருந்து ஒரு எல்.இ.டி.யைக் கழற்றி, அவசரத்தில் பைக் பேட்டரியில் நேராக வைத்தேன். பளிச்சென்று ஒரு வெட்டு, கருகல் வாசனை, அவ்வளவுதான். வெள்ளை எல்.இ.டி.க்கு 3.2 வோல்ட் போதும். டிப்ளமோவில் படித்தது இருட்டில் மறந்துவிட்டது!

சரி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மிச்சமிருந்த பன்னிரண்டையும் மும்மூன்றாக நான்கு வரிசை ஆக்கலாம். மூன்றைத் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 9.6 வோல்ட். பேட்டரியில் 12.6. மிச்ச 3 வோல்ட்டை ரெசிஸ்டர், அதாவது மின்தடை, தாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வரிசையில் ஓட வேண்டிய 20 மில்லிஆம்பியருக்கு 150 ஓம், அதாவது பழுப்பு, பச்சை, பழுப்பு வளையம். ரேடியோவைப் பிரித்ததில் இரண்டுதான் கிடைத்தன. மற்ற இரண்டு வரிசைக்கும் 100 ஓமோடு 47 ஓமைத் தொடராகச் சேர்த்து முறுக்கினேன். கரண்ட் இல்லாமல் சால்டரிங் ஏது? எல்லாம் முறுக்கும் டேப்பும்தான். நான்கு வரிசைக்கும் சேர்த்து 80 மில்லிஆம்பியர். ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் சாப்பிட்டார்கள்.

— — —

அண்ணே, தொடராகப் போட்டதால் தப்பித்தீர்கள். நான் காலேஜ் புராஜெக்ட்டில் ஐந்து எல்.இ.டி.யை இணையாக வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் மாட்டினேன். ஒன்று மட்டும் அதிகமாக எரிந்து முதலில் போனது. அதன் பங்கு கரண்டும் மற்ற நான்கின் தலையில் விழ, அவையும் ஒவ்வொன்றாகப் போயின. சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, எல்.இ.டி.க்கு ஒன்று என்று ஐந்து ரெசிஸ்டர் எண்ணிக் கொடுத்தார்.

பைக் பேட்டரி என்கிறீர்களே, ஃப்யூஸ் போட்டீர்களா?

— — —

இல்லை தம்பி. ஒயர் உரசியிருந்தால் வீடே போயிருக்கும். இப்போது நினைத்தாலும் பக்கென்கிறது.

— — —

என் கதை சின்னது. மகளின் கொலுவுக்கு 9 வோல்ட் பேட்டரி, 330 ஓம், ஒரே ஒரு எல்.இ.டி. கணக்கெல்லாம் சரி, ஆனால் எரியவில்லை. நீளக் கால் பாசிட்டிவ் என்று தெரியும். அழகுக்காக இரண்டு காலையும் சமமாக வெட்டியிருந்தேன்! விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ் என்று யாரோ சொல்லித் திருப்பி மாட்டுவதற்குள் சுண்டல் தீர்ந்துவிட்டது.