எண்ணூர் கழிமுகத்தில் படிந்த எண்ணெய் உண்மையிலேயே போய்விட்டதா?

கேள்வி: திருவொற்றியூர்வாசி

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக எண்ணூர் இறாலும் மடவையும்தான் சமையல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை உள்ள மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் வரை பரவியதை அனைவரும் அறிவோம். அந்த வாரம் வாங்கிய மடவையை மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசியும் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை, சட்டியோடு கொட்டிவிட்டோம். அதன் பின் நெடுநாள் கழிமுக மீனைத் தொடவே இல்லை.

இப்போது வாடை இல்லை. நீரும் பார்வைக்குத் தெளிவாக இருக்கிறது. ஆனால் சென்ற வாரம் அலையாத்திச் செடிகளின் அடிச்சேற்றை ஒரு குச்சியால் கிளறியபோது, வானவில் நிறத்தில் ஒரு படலம் மேலே வந்தது. எண்ணெய் இன்னும் இருக்கிறதா? அங்குப் பிடிக்கும் மீனையும் மட்டியையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: முகத்துவாரத்துப் பிள்ளை

ஐயா, நான் அந்தக் கழிமுகத்தை நம்பிப் பிழைக்கும் குப்பத்தைச் சேர்ந்தவன். எண்ணெய் வந்த நாள்களில் எங்கள் ஆட்கள் படகில் நின்று வாளியாலும் குவளையாலும் அதை மொண்டு பீப்பாய்களில் ஊற்றினார்கள். கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்துப் பறக்க முடியாமல் கரையில் நின்றதைப் பார்த்தோம். எண்ணெய் ஏறிய வலையைத் துவைத்து மீட்க முடியாது, எரிக்கத்தான் முடியும்.

ஆயினும் எண்ணெயை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். அனல் மின் நிலையச் சாம்பலைக் குழம்பாகக் கொண்டுசெல்லும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகி, கழிமுகத்தின் ஆழத்தையே தூர்த்துவிட்டன. என் தந்தை காலத்தில் துடுப்பு தரை தட்டாத இடத்தில் இன்று படகை இறங்கித் தள்ளுகிறோம்; காலை வைத்தால் கணுக்கால் வரை புதைவது சேறு அன்று, சாம்பல். இருளர் பெண்கள் பனையோலைப் பறியை, அதாவது மீன் கூடையை, பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். அந்தத் தரையின்மேல் இப்போது காக்கா ஆழி என்னும் அயல்நாட்டுச் சிப்பி பாய் விரித்தாற்போல் அப்பிக் கிடக்கிறது. அதன் ஓட்டு விளிம்பு கையைக் கீறிவிடும். இறாலுக்குப் புதைந்துகொள்ளச் சேறும் இல்லை.

மறுமொழி 2: கடலுயிரியல் ஆசிரியர்

கேள்வி கேட்டவர் கவனமாகப் பார்த்திருக்கிறார். முதலில் அந்தப் படலத்தைப் பற்றி. சேற்றிலுள்ள இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாக்களும் இதே வானவில் நிறப் படலத்தை உண்டாக்கும். குச்சியால் தொட்டால் அது கண்ணாடிச் சில்லுபோல உடைந்து தனித்தனியாக நிற்கும். எண்ணெயாயின் விலகி, சுழன்று, மறுபடியும் ஒன்றுசேரும். மீண்டும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

திறந்த கடலில் விழும் எண்ணெயை வெயிலும் அலையும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஓரளவு விரைவாகவே சிதைத்துவிடும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோது கொட்டிய எண்ணெய் கடலோரப் பாறைகளில் தார்போல ஒட்டியது. அங்கே அலையடிக்கு வேலை இருந்தது. கழிமுகத்தில் அலை இல்லை. அலையாத்திச் சேற்றில் மேற்பரப்பிலுள்ள சில மில்லிமீட்டர் தவிர உள்ளே ஆக்சிஜன் கிடையாது. ஆகவே நண்டு வளைகளின் வழியாக ஒருமுறை கீழே இறங்கிவிட்ட எண்ணெய் அங்கே ஏறக்குறைய அப்படியே கிடக்கும், பெருமழையிலோ ஓதத்திலோ (கடல்நீர் ஏறி இறங்கும்போதோ) சேறு கலங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். பனாமாவில் 1986-இல் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் தொட்டி உடைந்து அலையாத்திக் காடுகளுக்குள் எண்ணெய் புகுந்தது. 5 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தச் சேற்றிலிருந்து எண்ணெய் கசிந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அலையாத்தியின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு காற்றை இழுப்பவை. எண்ணெய் பூசினால் அவற்றின் நுண்துளைகள் அடைபட்டு, செடி உடனே சாகாமல் மாதக்கணக்கில் இலையுதிர்த்துச் சாகும்.

உணவைப் பொறுத்தவரை மீனும் மட்டியும் ஒன்றல்ல. எண்ணெயிலுள்ள நச்சு ஹைட்ரோகார்பன்களை மீனின் கல்லீரல் சிதைத்துப் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடும். தூய நீருக்கு வந்த மீன் சில வாரங்களில் பெரும்பாலும் தேறிவிடும். மட்டிக்கும் சிப்பிக்கும் அந்த ஆற்றல் மிகக் குறைவு. அவை நீரை நாளெல்லாம் வடிகட்டி உண்பவை என்பதால், நீரில் எது மிதக்கிறதோ அது அவற்றின் உடலில் சேரும். வாடை இல்லை என்பது எண்ணெய்க்கு ஓரளவு அடையாளமாகலாம். சாம்பலிலுள்ள ஆர்சனிக், ஈயம், குரோமியம், பாதரசம் ஆகியவற்றுக்கு வாடையும் கிடையாது, சமைத்தாலும் அவை போகா. எனவே கழிமுகத்து மட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நான் துணியமாட்டேன்.

முகத்துவாரத்துப் பிள்ளை சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். காக்கா ஆழியின் தாயகம் தென், நடு அமெரிக்கா. கப்பல்கள் சாயாமல் நிலையாக நிற்பதற்காகத் தொட்டிகளில் ஏற்றி இறக்கும் நீரோடு அது இங்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம். சாம்பலால் மேடிட்டு, ஆலைகளின் சுடுநீரால் ஆக்சிஜன் குறைந்து, ஏற்கெனவே நலிந்துபோன நீர்நிலையில் இத்தகைய உயிரினம் காலூன்றுவது எளிது.

திருவொற்றியூர்வாசி

இன்று காலை வற்றுநீர் வேளையில் போய்ப் பார்த்தேன், ஐயா. குச்சியை எடுத்ததும் படலம் மறுபடியும் ஒன்றுசேர்ந்துகொண்டது. விரலில் தேய்த்தபோது பிசுபிசுத்தது. எண்ணெய்தான்.

மறுமொழி 3: பழவேற்காட்டான்

அப்படியானால் தங்கள் பகுதி மக்கள் கேட்க வேண்டியது மேல்நீர்ச் சோதனை மட்டும் அன்று. நீர் தினமும் இருமுறை ஓதத்தில் மாறிவிடுகிறது; அதை மொண்டு சோதித்தால் நல்ல முடிவுதான் வரும். குழாயை இறக்கி, சேற்றை அடுக்கடுக்காக எடுத்து ஒவ்வோர் அடுக்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவுகளைத் தமிழில் குப்பங்களில் ஒட்டச் சொல்லுங்கள். தூர்வாரும் மண்ணை எங்கே கொட்டுகிறார்கள் என்பதையும் விடாமல் கேளுங்கள். அலையாத்தி ஓரத்திலேயே குவித்துவிட்டால் அடுத்த மழைக்கே அது திரும்பிவரும். கால்வாய் வழியே எங்கள் ஏரிப் பக்கமும் வரும்.

மறுமொழி 4: முகத்துவாரத்துப் பிள்ளை

மீன் வாங்கும்போது ஒன்று செய்யுங்கள், ஐயா. கடல் மீனா, கழி மீனா என்று கூடைக்கார அம்மாவிடமே கேளுங்கள், மறைக்கமாட்டார்கள். கடலில் பிடித்ததைத் தயங்காமல் வாங்குங்கள். "எண்ணூர் மீன்" என்ற பெயருக்காகவே எல்லாவற்றையும் ஒதுக்கினால், ஆழ்கடல் போய் வருகிற எங்கள் ஆட்களுக்கும் விலை விழுகிறது.