1969 ஜாவா: ஜிகோவையும் பாயிண்டையும் கழற்றிவிடலாமா?

கோரிமேடு ஜாவா:
அப்பா வாங்கிய 1969 ஜாவா 250 பைக் வீட்டில் இருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டர் பழைய ஜிகோவ்தான், இக்னிஷன் 6 வோல்ட் டைனமோவும், திறந்து மூடித் தீப்பொறி வரவைக்கிற பாயிண்டும். சேலத்துக்குள் ஓட்டும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏற்காடு ரோட்டில் பாதி கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இன்ஜின் விட்டுவிட்டு எரிந்து மிஸ் அடிக்கிறது. மேலே போய் பிளக்கைக் கழற்றினால் ஒரே கரி. கடையில் ஜிகோவை எடுத்துவிட்டு மிக்கார்ப் கார்புரேட்டர் போடு, பாயிண்டுக்குப் பதில் சிடிஐ என்கிற எலக்ட்ரானிக் இக்னிஷன் போடு என்கிறார்கள். மாற்றலாமா? வாராவாரம் மலைக்குப் போகிற வண்டி இது, பூட்டி வைக்கிற வண்டி அல்ல.

ஒண்டிக்கடை:
தாராளமாக மாற்றுங்கள். நான் ஏற்காட்டிலேயே இருப்பவன். டிசம்பர் மூடுபனியில் 6 வோல்ட் லைட்டை நம்பி வளைவில் திரும்புவது எவ்வளவு ஆபத்து என்று இங்கே ஓட்டினால்தான் தெரியும். செக் நாட்டு வேப் கம்பெனி ஜாவாவுக்கென்றே கிட் செய்கிறது. டைனமோ முழுசாகக் கழன்று வரும், அதே இடத்தில் 12 வோல்ட் ஆல்டர்னேட்டரும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் உட்காரும். எதையும் வெட்ட வேண்டாம், நாளைக்கே பழையதைத் திருப்பி மாட்டலாம்.

கார்புரேட்டருக்கு வருவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று மெலிவு, அதனால் கலவை ரிச் ஆகிறது, அதாவது பெட்ரோல் கூடிப்போகிறது, பிளக் கறுக்கிறது. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற ஜெட் மிக்கார்ப்புக்கு எண் வாரியாகக் கிடைக்கும். ஜிகோவுக்கு எங்கே போய்த் தேடுவார்?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
மலைக் காற்றுதான் காரணம் என்றால் கணக்கு இடிக்கிறதே. சேலத்தைவிட ஏற்காட்டில் காற்றழுத்தம் ஏறக்குறைய 13 சதவீதம் குறைவு. மேலே குளிர் என்பதால் அடர்த்தி அவ்வளவு குறையாது, பத்துப் பதினொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டரில் கலவை மாறுவது அடர்த்தியின் வர்க்கமூலக் கணக்கில். ஆக ஐந்தாறு சதவீதம் ரிச் ஆகும், அவ்வளவுதான்.

இப்போது பங்கில் போடுகிற, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பாருங்கள். எத்தனால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆக்சிஜன். எத்தனால் கலக்காத காலத்து ஜெட்டோடு அதை ஓட்டினால் கலவை சுமார் 8 சதவீதம் லீன் ஆகும், அதாவது பெட்ரோல் பற்றாது. மலை கொடுப்பதைவிட பெட்ரோல் பிடுங்கிக்கொள்வது அதிகம். அப்படியிருந்தும் பிளக் கறுக்கிறது என்றால் எங்கோ தேய்மானம் இருக்கிறது. இத்தனை வருடம் உள்ளே ஏறி இறங்குகிற நீடில் உரசி நீடில் ஜெட்டின் துளை கோணலாகியிருக்கும். அது பெட்ரோலை அதிகமாகக் கக்குவது அரை திராட்டிலில்தான். ஏற்றம் முழுக்க நீங்கள் ஓட்டுவதும் அரை திராட்டிலில்தானே? டவுனுக்குள் அது தெரியாது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற ஃபுளோட்டின் உயரத்தையும் பாருங்கள். தேய்ந்தது எது என்று பார்க்காமல் கார்புரேட்டரையே மாற்றச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்று. மலைக்கு என்று ஜெட்டைக் குறைத்துவிட்டு அதே ஜெட்டோடு கீழே ஓமலூர் ரோட்டில் வேகம் பிடித்தால் பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் லீன் என்பது விளையாட்டல்ல.

ஒண்டிக்கடை:
கணக்கு சரிங்க அண்ணா. ஆனால் கலவை மட்டும்தான் கரிக்குக் காரணமா? தீப்பொறி பலவீனமாக இருந்தாலும் பெட்ரோல் முழுசாக எரியாமல் கரி விடும். ஏற்றத்தில் இன்ஜின் சூடு, காயில் சூடு, பனிக்கு லைட்டும் எரிகிறது, பேட்டரியோ 6 வோல்ட். ஜாவாவில் பாயிண்டைத் தட்டுகிற கேம், இன்ஜினைச் சுழற்றுகிற கிராங்க் தண்டின் முனையிலேயே இருக்கிறது. கிராங்க் பேரிங் கொஞ்சம் ஆடினாலும் 0.4 மி.மீ. என்று வைத்த கேப் நிற்காது, டைமிங்கும் அலையும். சிடிஐயில் திறந்து மூடுகிற பாயிண்டே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
பேரிங் ஆடினால் மாற்ற வேண்டியது பேரிங்கைத்தான் தம்பி. சிடிஐ போட்டால் மிஸ் அடிப்பது நின்றுவிடும், பேரிங் உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஆயில் சீல் போகும், கிராங்க்கேஸ் வெளிக்காற்றை இழுக்கும், கலவை லீன் ஆகும், அதுவும் பிஸ்டனில்தான் போய் முடியும். பாயிண்ட் அலைவது இன்ஜின் நமக்குத் தருகிற தகவல். அதை ஏன் வாயடைக்க வேண்டும்?

தீப்பொறி பலவீனம் என்று சந்தேகம் இருந்தால் இருட்டில் பாயிண்டைப் பாருங்கள். அங்கே பொறி பெரிதாகப் பறந்தால் அந்தப் பொறியை அடக்குகிற கண்டென்சர் போய்விட்டது. சூடானதும் மிஸ் அடிப்பதற்கு அது ஒன்றே போதும். பாயிண்ட் வழியில் மக்கர் செய்தால் உப்புத்தாளைத் தேய்த்து வீடு வந்து சேரலாம். சிடிஐ பெட்டி போனால் பன்னிரண்டாவது வளைவில் என்ன செய்வீர்கள்?

அம்மாபேட்டை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2021இல் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டி, மூல வடிவிலேயே, பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கிற வண்டிக்கு விஏ வரிசை எண் தருகிறார்கள். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். உங்கள் வண்டிக்கு அந்த வயது வந்துவிட்டது. எதைக் கழற்றினாலும் அதை யோசித்துச் செய்யுங்கள்.

ஒண்டிக்கடை:
அதே விதியில் வழக்கமான ஓட்டத்துக்கு அந்த வண்டியைப் பயன்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. அவர் வாராவாரம் மலை ஏறுகிறவர், அவருக்கு அந்த எண் எதற்கு? விதி சொல்வது சேஸ், பாடி, இன்ஜின் மாற்றங்களை. எளிதில் கழன்று வருகிற கார்புரேட்டரை அதில் சேர்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அம்மாபேட்டை:
ஆய்வு செய்கிறவர் கண்ணுக்கு அது எப்படிப் படும் என்பதுதான் என் கவலை. இன்ஜினோடு சேர்ந்த பாகம் என்று அவர் எழுதிவிட்டால் அலைவது நாம்தான்.

கோரிமேடு ஜாவா:
விஏ எண் எனக்கு வேண்டாம், ஓட்டத்தான் வண்டி. முதலில் கண்டென்சர், அப்புறம் ஃபுளோட், நீடில் ஜெட். புது நீடில் ஜெட் கிடைக்காவிட்டால் பித்தளையில் கடைந்து தருவீர்களா அண்ணா?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
கடையலாம். வெளி வடிவம் லேத்தில் வந்துவிடும், துளையை மட்டும் ரீமர் போட்டுத்தான் முடிக்க வேண்டும். நீடிலையும் கொண்டு வாருங்கள், அதுவும் தேய்ந்திருந்தால் ஜெட் மட்டும் புதிதாக இருந்து பயனில்லை. அதுவரை இறக்கத்தில் திராட்டிலை முழுக்க மூடிக்கொண்டு கியரில் வராதீர்கள். ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது, பெட்ரோல் நின்றால் ஆயிலும் நிற்கும். அவ்வப்போது கொஞ்சம் திறந்து விடுங்கள்.

ஒண்டிக்கடை:
கார்புரேட்டர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். லைட்டுக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சேர்வராயன் கோயில் பக்கம் பனி இறங்கினால் எதிரே வருகிற பஸ்ஸுக்கு இவர் வண்டியே தெரியாது.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:
லைட்டுக்காக என்றால் கிட் போடுங்கள், நான் தடுக்கவில்லை. பேரிங்கைப் பார்த்த பிறகு போடுங்கள். கழற்றுகிற டைனமோவை கிரீஸ் தடவி, துணியில் சுற்றி, பிளேட்டும் கேமும் பிரியாமல் வையுங்கள். எடைக்குப் போட்டுவிட்டால் அது திரும்பக் கிடைக்காது.