கார்த்தி வார்த்த குண்டு

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்
ஞாயிறு, மாலை 7:20

கார்த்தி: 📷 புகைப்படம்

கார்த்தி: இன்றைக்குக் காலை வேலை. இங்கே அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்துப் பாய்ஸியில் இப்போதுதான் எட்டு மணி ஆகப்போகிறது.

மீனா அத்தை: பளபளவென்று இருக்கிறதே. வெள்ளிச் சிமிழா? ஏதாவது விசேஷமா?

கார்த்தி: ஈயம் அத்தை. ரிவால்வர் குண்டு. நானே உருக்கி வார்த்தேன்.

மீனா அத்தை: என்னது!

மீனா அத்தை: அண்ணா, இவனை என்ன என்று கேளுங்கள்.

தினேஷ்: அத்தான் செம 🔥 என்ன துப்பாக்கி?

கார்த்தி: .44 மேக்னம். ஆறு குண்டு போடும் ரிவால்வர். அத்தை, பயப்பட வேண்டாம். படத்தில் இருப்பது வெறும் உலோகம். வெடிமருந்தும் இல்லை, அதை அடைக்கும் கூடும் இல்லை.

மீனா அத்தை: ஒன்று எவ்வளவு எடை?

கார்த்தி: 250 கிரெயின். 16 கிராமுக்கு ஒரு பொட்டு கூட. உங்கள் கணக்கில் ரெண்டு பவுன்.

மீனா அத்தை: ரெண்டு பவுன் எடையை மண்மேட்டில் சுட்டுத் தள்ளுகிறாய். நல்ல பொழுதுபோக்கு.

பெரியப்பா: கார்த்தி, அதில் ஆண்டிமனி கலந்திருக்கிறாயா?

கார்த்தி: பெரியப்பா! கரெக்டாகப் பிடித்துவிட்டீர்கள். ஈயம், கொஞ்சம் தகரம், கொஞ்சம் ஆண்டிமனி.

பெரியப்பா: முப்பது வருடம் பிரஸ் நடத்தினவனுக்குத் தெரியாதா. எழுத்து ஈயமும் அதே மூன்றும்தான். தனி ஈயத்தில் எழுத்து வார்த்தால் ரெண்டு நாளில் முகம் மழுங்கிவிடும். ஆண்டிமனி போட்டால் கெட்டியாகும், ஆறும்போது சுருங்குவதும் குறையும். தகரம் போட்டால் உருகியது மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும்.

கார்த்தி: இங்கேயும் அதே கதைதான். லைனோடைப் என்று வரிவரியாக எழுத்து வார்க்கும் அச்சு இயந்திரம் இருந்ததே, அந்தப் பழைய ஈயத்துக்கு இங்கே தனி மவுசு. 84 பங்கு ஈயம், 12 ஆண்டிமனி, 4 தகரம். செய்தித்தாள்காரர்கள் கைவிட்டதைக் குண்டு வார்ப்பவர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். இப்போது கிடைப்பது அபூர்வம். பழைய கார் சக்கரத்தில் பேலன்சுக்கு அடிக்கும் ஈயத்துண்டும் அப்படித்தான். புதிதாக வருவதில் பாதி துத்தநாகம், அது கலந்தால் வார்ப்பு சரியாக நிரம்பாது.

ராஜி சித்தி: வளைகாப்புக்கு மண்டபம் பார்க்கச் சொன்னேனே, யாராவது விசாரித்தீர்களா?

தினேஷ்: அத்தான், அப்போ முழுக்க லைனோடைப்பே ஊற்றினால் இன்னும் கெட்டிதானே? இன்னும் பவர்?

கார்த்தி: இல்லைடா. எல்லாரும் முதலில் இப்படித்தான் நினைப்பார்கள். ரொம்பக் கெட்டியானால் குண்டு நொறுங்கும் தன்மை வந்துவிடும், குழலுக்குள் சுருளாக வெட்டிய பள்ளங்களை நிரப்பி அடைத்துக்கொள்ளவும் செய்யாது. இடுக்கில் சூடான வாயு பீய்ச்சி, ஈயத்தை அரித்துக் குழலுக்குள் அப்பிவிடும். சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கெட்டித்தனத்தைவிட அளவு பொருந்துவதுதான் முக்கியம்.

கார்த்தி: பெயர்தான் .44. உண்மையில் குண்டின் விட்டம் .429, .430 அங்குலம். தோட்டாக்கள் உட்கார்ந்து சுழலும் சிலிண்டரின் துளைவாய் எவ்வளவோ, குண்டு அதற்கு ஒத்துப்போக வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு குறைந்தாலே குழலில் ஈயம் ஒட்ட ஆரம்பித்துவிடும்.

பெரியப்பா: எழுத்தின் உயரம் .918 அங்குலம். ஒரு எழுத்து அதில் ஆயிரத்தில் ரெண்டு குறைந்தாலும் தாளில் விழாது, அடியில் தாள் ஒட்டி ஏற்றுவோம். உனக்கு அந்த வசதி கிடையாது போல.

கார்த்தி: கிடையவே கிடையாது 😄

மீனா அத்தை: அடுப்பில் வைத்தா உருக்குகிறாய்? திவ்யா எங்கே?

திவ்யா: இங்கேதான் இருக்கிறேன். சமையலறைப் பக்கமே விடுவதில்லை. கராஜில் கரண்ட் பானை, கதவு திறந்து, ஃபேன் போட்டு. அதற்கென்று தனிச் சட்டை, தனிச் செருப்பு. முடிந்ததும் சட்டை தனியாகத் துவைக்க வேண்டும், குளித்துவிட்டுத்தான் பாப்பாவைத் தூக்கலாம். இதெல்லாம் என் சட்டம்.

கார்த்தி: சட்டம் நியாயமானதுதான். ஈயம் உருகுவது 327 டிகிரியில், நான் வைப்பது 370 சுமார். அந்தச் சூட்டில் ஈய ஆவி மிகக் குறைவு. ஆபத்து புகையில் என்பதைவிட மேலே படியும் சாம்பல் மாதிரியான கசடிலும், கையிலிருந்து வாய்க்குப் போவதிலும்தான். சுட்ட கூடுகளைச் சுத்தம் செய்யும்போது பறக்கும் தூசி இன்னும் மோசம், மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் இருக்கும் ஈயமெல்லாம் அதில் இருக்கும். அதனால் உலர்வாகக் குலுக்குவதை விட்டுவிட்டேன், தண்ணீரில்தான் கழுவுகிறேன்.

திவ்யா: குழந்தைகள் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்கச் சொல்கிறது இங்கத்திய அரசுச் சுகாதார அமைப்பான சிடிசி. 2021இல் 5இலிருந்து இறக்கினார்கள். பாப்பாவுக்கும் இவருக்கும் பரிசோதனை செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

மீனா அத்தை: நீ இருக்கிறவரை எனக்குக் கவலை இல்லை.

பெரியப்பா: தண்ணீர் பக்கத்தில் வைக்காதே.

கார்த்தி: கூஜாவைக்கூட உள்ளே கொண்டுபோவதில்லை பெரியப்பா. ஈரமான துண்டு ஒன்று உருகிய ஈயத்துக்குள் அமுங்கினால் போதும், நீராவி வெடித்துப் பானை மொத்தமும் மேலே வரும். முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் உண்டு.

தினேஷ்: வார்க்கிறதைச் சொல்லு அத்தான், எப்படி?

கார்த்தி: மோல்டு என்பது இடுக்கி மாதிரி ரெண்டு அலுமினியக் கட்டி. மேலே ஒரு தட்டு, அதில் துளை. ஈயத்தை ஊற்றினால் தட்டின் மேல் ஒரு பொட்டு வழிந்து நிற்கும். அது முதலில் கண்ணாடி போல் மின்னும், கொஞ்ச நேரத்தில் சட்டென்று மங்கும். அந்த மங்கலுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அப்புறம் தட்டை மரக்கட்டையால் ஒரு தட்டு, மிச்சத் துண்டு அறுந்து விழும், மோல்டைத் திறந்தால் குண்டு துணியில் விழும். மோல்டு சூடேறாமல் இருந்தால் குண்டு உடம்பெல்லாம் சுருக்கம். அதிகம் சூடேறினால் பனி படிந்த மாதிரி வெளுத்திருக்கும், அதுகூடப் பரவாயில்லை. அடிப்பக்க விளிம்பு மட்டும் கூராக, முழுதாக வந்திருக்க வேண்டும். குழல் வாயை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அதுதான், ஒரு பக்கம் உருண்டிருந்தால் குண்டு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். கெட்டது மறுபடி பானைக்குள். இதில் வீண் என்பதே இல்லை.

தினேஷ்: நானும் செய்யலாமா 🙋

பெரியப்பா: இங்கே செய்தால் கம்பிதான் எண்ணுவாய். 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம்.

கார்த்தி: இங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்யலாம், விற்பதென்றால்தான் உரிமம். ஆனால் எச்1பி விசாவில் இருந்தவரை நான் ஒரு தோட்டாவைக்கூடக் கையில் வைத்ததில்லை. வேட்டை லைசென்ஸ் மாதிரி விதிவிலக்கு இல்லாமல் அந்த விசாக்காரர் வைத்திருந்தால் மத்தியச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்த பிறகுதான் இதெல்லாம்.

தினேஷ்: அந்த மோல்டு டிசைன் உன்னுடையதா?

கார்த்தி: இல்லை, இந்த மாநிலத்தில் வாழ்ந்த ஒருவருடையது. எல்மர் கீத். 1899இல் பிறந்து 1984இல் இறந்தவர், ஐடஹோவில் சால்மன் பக்கம் மாடு மேய்த்து, வேட்டைக்கு வழிகாட்டி, பத்திரிகைகளில் எழுதி வாழ்ந்தவர். இங்கிருந்து காரில் அஞ்சு மணி நேரம். பலமான ரிவால்வர் வேண்டும் என்று பழைய .45 கோல்ட் ரிவால்வரில் கனமான குண்டும் அளவுக்கு மீறிய மருந்தும் வைத்தார். 1925இல் சிலிண்டரின் மேல்பாதியே பிய்ந்து பறந்தது. ஆள் தப்பித்தார்.

கார்த்தி: அப்புறம் .44 ஸ்பெஷல் என்ற தோட்டாவுக்கு மாறினார். தோட்டா கொஞ்சம் மெலிசு என்பதால், அதே சைஸ் சிலிண்டரில் சுவர் கொஞ்சம் தடிமனாக மிஞ்சும். அதற்காக அவர் வரைந்த குண்டின் லைமன் கம்பெனி மோல்டு எண் 429421, இன்றைக்கும் அதே எண்தான். பல வருடம் எழுதி எழுதி நச்சரித்து, கடைசியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்மித் அண்ட் வெஸனும் தோட்டாக் கம்பெனி ரெமிங்டனும் சேர்ந்து 1950களின் நடுவில் .44 மேக்னத்தைக் கொண்டுவந்தார்கள். கூட்டை எட்டில் ஒரு அங்குலம் நீளமாக்கினார்கள், பழைய .44 ஸ்பெஷல் துப்பாக்கிக்குள் நுழையவே நுழையாது. எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும். கூடவே இரும்பையும் மாற்றினார்கள், பழைய துப்பாக்கியில் மருந்தை அமுக்கிப் பவர் தேடவில்லை.

பெரியப்பா: மருந்து நீ எப்படி முடிவு செய்கிறாய்?

கார்த்தி: நான் முடிவு செய்வதில்லை, அச்சிட்ட கையேடு முடிவு செய்யும். மருந்துக் கம்பெனி போட்ட ஆரம்ப அளவிலிருந்து சிறுகச் சிறுக ஏற்றுவேன். சுட்ட கூடு சிலிண்டரிலிருந்து வழுக்கி வராமல் ஒட்டினால் அன்றைக்கு அதோடு நிறுத்தம். அதற்காகக் குறைவாகப் போட்டால் எப்போதும் பத்திரம் என்றும் சொல்ல முடியாது, மெதுவாக எரியும் சில மருந்துகளை அளவுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்று கம்பெனியே எச்சரிக்கிறது. வேகமான மருந்தில் வேறு தொல்லை. கூட்டின் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும், கவனிக்காமல் ரெண்டு தடவை கொட்டினாலும் வழியாது. அதனால் குண்டை வைக்கும் முன் தட்டில் இருக்கிற 50 கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அந்த நேரம் போன் எடுக்க மாட்டேன், யாராக இருந்தாலும்.

மீனா அத்தை: அதுதான் போன வாரம் என் போன் அடித்துக்கொண்டே இருந்ததா.

கார்த்தி: அதேதான் அத்தை 🙏

கார்த்தி: கடைசியில் கூட்டின் வாயை குண்டின் பள்ளத்துக்குள் உருட்டி அழுத்த வேண்டும். இந்தத் துப்பாக்கியின் உதை அப்படி. ஒன்று வெடித்ததும் துப்பாக்கி பின்னால் பாயும், மிச்ச ஐந்து குண்டும் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும், பஸ் சட்டென்று கிளம்பினால் நிற்கிறவர் கதியைப் போல. பிடி தளர்ந்திருந்தால் குண்டு கூட்டிலிருந்து முன்னால் நகர்ந்து, சிலிண்டர் சுற்றாமல் மாட்டிக்கொள்ளும். அதனால் ஐந்து சுட்டுவிட்டு ஆறாவதை வெளியே எடுத்து நீளம் அளப்பேன்.

தினேஷ்: இதைவிடப் பெரிய .500 வாங்கேன் அத்தான்

திவ்யா: தினேஷ் 😐

தினேஷ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: கார்த்தி, மாடியில் இன்னும் ஒரு பெட்டி எழுத்து கிடக்கிறது. 12 பாயிண்ட். காயலான் கடைக்காரன் ரெண்டு தடவை வந்து கேட்டுவிட்டான். உனக்கு வேண்டுமா?

கார்த்தி: உருக்கவா? வேண்டாம் பெரியப்பா, மனசு வராது. என் பெயருக்கு வேண்டிய எழுத்தை மட்டும் எடுத்து வையுங்கள்.

பெரியப்பா: ‘ர்’ தேய்ந்திருக்கும், அதுதான் அதிகம் ஓடினது. பார்க்கிறேன்.

ராஜி சித்தி: மண்டபம்???

மீனா அத்தை: இதோ கூப்பிடுகிறேன் ராஜி.