புதுப்பிப்பு: யூஎஸ்பி டாக்கில் வந்த இரைச்சல் போய்விட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: லேப்டாப்பில் சின்ன யூஎஸ்பி டாக்-ஆம்ப் (DAC: டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கான மின் சிக்னலாக மாற்றிப் பெருக்கும் கருவி) மாட்டி இளையராஜா பாட்டு கேட்டால், வயலின்கள் அடங்கும் இடத்தில் பின்னால் 'கிர்ர்' என்று இரைச்சல்; மின்னணுக் கடைகள் இருக்கும் சிம் லிம் ஸ்கொயர் போய் வேறு வாங்கலாமா என்று.

தேவைப்படவில்லை. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள் தம்பி என்று ஓர் அண்ணன் சொன்னார். ராத்திரி எல்லாரும் தூங்கியதும் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கழற்றினேன். சட்டென்று அமைதி. மறுபடி செருகினால் அதே கிர்ர். சார்ஜரின் மின் இரைச்சல் யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டோடு சேர்ந்து ஆம்புக்குள் வந்திருக்கிறது. இப்போதெல்லாம் பேட்டரியில்தான் கேட்கிறேன்.

மிச்சமிருந்த மெல்லிய 'ஸ்ஸ்' வேறு விஷயம். என் இயர்போனின் மின்தடை 16 ஓம்தான், குறைந்த வோல்ட்டிலேயே சத்தமாகக் கேட்கும். ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் கெயின் பொத்தானோ உயர்நிலையில் இருந்தது. கீழே தள்ளியதும் அதுவும் போனது, வால்யூமை நிதானமாகக் கூட்டிக் குறைக்கவும் இடம் கிடைத்தது. 300 ஓம் மாதிரி அதிக மின்தடை உள்ள ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு உயர் கெயின் தேவைப்படலாம்.

அப்புறம், உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை எம்ஆர்டியில் போனோடும் மாட்டிப் பார்த்தேன். போன் பேட்டரி வேகமாக இறங்குகிறது, ரயில் சத்தத்தில் நுணுக்கம் எதுவும் காதில் விழவில்லை. எனக்கு இது வீட்டில் ராத்திரி கேட்கத்தான்.

அந்த அண்ணனுக்கு ரொம்ப நன்றி.